அப்பாவின் .315: மீண்டும் உயிர்பெற்ற போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள், உரிமையாளர் அனுபவம்

கேள்வி: தாண்டிக்குடி வாசகர், 12 ஆகஸ்ட் 2022

எங்கள் அப்பா கடந்த தை மாதம் காலமானார். அவர் பெயரில் இருந்த, இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலையில் செய்த .315 ரைஃபிளை உரிமம் பெற்ற ஆயுத வியாபாரி ஒருவரிடம் ஒப்படைத்திருக்கிறோம். நாற்பது ஆண்டுகள் காப்பித் தோட்டத்து வீட்டில் இருந்த துப்பாக்கி அது. போல்ட் இறுகிப்போய் அசைய மறுக்கிறது. குழலுக்குள் பார்த்தால் செம்மண் நிறத்தில் துரு தெரிகிறது. அரசிடம் கொடுத்துவிட்டுத் தலைமுழுகு என்கிறார் பெரியப்பா. வெளிநாட்டில் பழைய மாடல்களை இப்போது புதிதாகச் செய்து விற்கிறார்கள், அவற்றுக்கு முன்னால் இது இரும்புக்கடைச் சரக்கு என்கிறார் ஒரு நண்பர். இப்படிப்பட்ட துப்பாக்கியை மீட்டுச் சரிசெய்து வைத்திருப்பவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றாக இருக்கும். காட்டுப்பன்றித் தொல்லைக்கு அது உதவுமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: 14 ஆகஸ்ட் 2022

பன்றியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்: உதவாது, உதவவும் கூடாது. காட்டுப்பன்றி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள விலங்கு. ரைஃபிளுக்கு உரிமம் வாங்கிவிட்டால் பன்றியைச் சுடும் உரிமையும் கூடவே வந்துவிடும் என்று மலையில் பலர் நம்புகிறார்கள், அது தவறு. பயிர்ப் பாதுகாப்புக்கென்று ஆயுதச் சட்டம் தனியாகக் குறிப்பிடுவதும் வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான், ரைஃபிளை அல்ல. .315 குண்டு ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் ஆளைக் கொல்லும். நம் ஊர்ச் சரிவுகளில் ஒருவர் தோட்டத்துக்குக் கீழே இன்னொருவர் வீட்டுக் கூரை இருக்கும். இருட்டில் பன்றி என்று நினைத்துச் சுட்டுவிட்டு அதன்பின் வருந்திப் பயனில்லை.

இனி ரைஃபிள். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் நடுவே எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. அப்பா 1964-ல் வாங்கிய .315 உங்கள் வீட்டுத் துப்பாக்கியின் உடன்பிறப்புதான். ஆங்கிலேயர் ஆட்சியில் ராணுவத்தின் .303 தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக் கூடாது என்று தடுத்ததால், ஆஸ்திரிய மான்லிச்சரின் எட்டு மில்லிமீட்டர் தோட்டாவை ஒட்டி இந்த .315 நம் நாட்டில் நிலைபெற்றது. தோட்டாதான் வேறு, துப்பாக்கியின் உடல் அப்படியே ஆங்கிலேய ராணுவத்தின் லீ என்ஃபீல்டு. கதவுத் தாழ்ப்பாளைத் தூக்கி இழுப்பதுபோல் போல்ட்டைத் தூக்கிப் பின்னுக்கு இழுத்தால் வெற்றுக்கூடு வெளியே விழும், முன்னுக்குத் தள்ளினால் அடுத்த தோட்டா ஏறும்.

அப்பா 2019-ல் இறந்தபோது நாங்களும் அதை வியாபாரியிடம்தான் ஒப்படைத்தோம். வாரிசு என்ற முறையில் என் பெயருக்கு உரிமம் கேட்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பித்தேன். அக்காவும் தம்பியும் ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். நடுவில் கொரோனா ஊரடங்கு வந்துவிட்டதால் 2021 கடைசியில்தான் துப்பாக்கி கைக்கு வந்தது. அப்பா உயிரோடு இருக்கும்போதே, 75 வயது நிறைந்ததும் என் பெயருக்கு மாற்ற வழி இருந்தது. அதைச் செய்யாமல் விட்டதன் விலைதான் அந்த இரண்டு ஆண்டுகள். அந்தக் காலம் முழுவதும் அது ஓர் ஈரமான அறையில் சுவரில் சாய்ந்து நின்றது.

15 ஆகஸ்ட் 2022

நேற்று எழுதியதில் ஒரு பிழை. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமையாளருக்கு 70 வயது நிறைந்தாலோ அவர் அந்த ஆயுதத்தை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, எது முன்னால் வருகிறதோ அப்போது, வாரிசுக்கு மாற்றக் கேட்கலாம். 75 அல்ல. எங்கள் அப்பா இரண்டு கணக்கிலும் தகுதி பெற்றிருந்தார். படிப்பவர்களில் யாருடைய அப்பாவாவது அந்த வயதில் இருந்தால், தயவுசெய்து இந்த வாரமே அவரோடு உட்கார்ந்து பேசுங்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, உரிமத்தின் காலம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டு ஆகியிருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3 செப்டம்பர் 2022

போல்ட் இறுகியிருப்பதைப் பற்றி மீண்டும் கேட்டிருக்கிறீர்கள். சுத்தியலைத் தொடாதீர்கள். எங்கள் போல்ட்டும் அப்படித்தான் இருந்தது. பழுதுபார்க்க உரிமம் பெற்ற ஒரு பெரியவரிடம் சமவெளிக்குக் கொண்டுபோனேன். அவர் மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஊற்றி, துணி சுற்றி, ஒன்பது நாள் கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டார். போல்ட் கழன்று வந்தபோது அதில் துரு அவ்வளவாக இல்லை. முப்பது ஆண்டு கிரீஸ்தான் ஆறிப்போன கருப்பட்டிப் பாகுபோல் உறைந்து அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. குழலிலோ துரு உண்மையாகவே இருந்தது. பித்தளைத் தூரிகையால் நான்கு நாள் தேய்த்த பிறகு, வாய்ப்பகுதிக்கு அருகே அம்மைத் தழும்புபோல் குழிகள் தங்கிவிட்டன. ஆனால் குண்டைச் சுழலவிடும் சுழல்வரிகள் விளிம்பு கெடாமல் ஒழுங்காகத் தெரிந்தன. குழி இருக்கலாம், வரி இருக்க வேண்டும் என்றார் பெரியவர்.

அவர் அதிக நேரம் செலவிட்டது வேறொன்றில். அடியில் விளிம்பு வைத்த தோட்டா, குழலின் பின்முனையில் உள்ள சேம்பர் என்னும் அறைக்குள் போய் உட்காரும்போது அதன் விளிம்பு ஓரிடத்தில் முட்டி நிற்கும். அந்த இடத்துக்கும் போல்ட்டின் முகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஹெட்ஸ்பேஸ் என்பார்கள். அது கூடிவிட்டால் சுடும்போது பித்தளைக் கூடு பின்னுக்கு நீண்டு அடிப்பகுதியில் அறுந்துவிடும். சூடான வாயு சுடுபவர் முகத்துக்கு வரும். அப்பாவின் மேசை இழுப்பறையில் கிடந்த ஒரு பழைய வெற்றுக்கூட்டை நான் அவரிடம் காட்டினேன். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். அடியிலிருந்து ஒரு விரல் உயரத்தில் மெல்லிய பளபளப்பான வளையம் ஒன்று சுற்றிலும் ஓடியது. முனை வளைத்த கம்பியை உள்ளே விட்டுத் தடவச் சொன்னார். வளையம் இருந்த அதே இடத்தில் கம்பி ஒரு பள்ளத்தில் தடுக்கியது. அப்பா கடைசியாகச் சுட்ட நாளிலேயே இந்தத் துப்பாக்கி ஆபத்துக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது என்பதை அப்போதுதான் அறிந்தேன். எங்கள் யாருக்கும் அது தெரியாது.

லீ என்ஃபீல்டில் போல்ட்டின் தலை மட்டும் தனியாகத் திருகிக் கழற்றும் துண்டு. பெரியவர் மூன்று தலைகளை மாற்றி மாற்றிப் பொருத்தி, நான்காவதாக ஒன்றை அரத்தால் இழைத்துச் சரியான இடைவெளிக்குக் கொண்டுவந்தார். பிறகு துப்பாக்கியைப் பழைய லாரி டயரில் கட்டி, விசையில் கயிறு போட்டு, சுவருக்குப் பின்னால் நின்று இழுத்தார். மூன்று கூடுகளிலும் வளையம் இல்லை. அதன்பிறகே என் கையில் கொடுத்தார்.

ஆகவே தாண்டிக்குடி நண்பரே, ஒரு கைதேர்ந்தவர் பார்க்கும்வரை அதை இரும்புக்கடைச் சரக்கு என்றும் சொல்லாதீர்கள், அதில் தோட்டாவும் போடாதீர்கள்.

20 பிப்ரவரி 2023

முதல் முறையாக, அனுமதி பெற்ற சுடுதளத்தில், என் தோளில் வைத்துச் சுட்டேன். மேட்டுப்பாளையம் தாண்டிக் கோவைப் பக்கம் போக வேண்டும். விடியற்காலையில் மலையில் உறைபனி; துப்பாக்கி பனிக்கட்டிபோல் குளிர்ந்திருந்தது. கீழே இறங்கியதும் உறையைத் திறந்தேன். வெதுவெதுப்பான காற்று பட்டதும் குழல் முழுவதும் வேர்த்துவிட்டது. அடுத்த முறை நீங்கள் இந்தத் தவற்றைச் செய்ய வேண்டாம். உறையோடு ஒரு மணி நேரம் நிழலில் வைத்திருந்துவிட்டுத் திறங்கள்.

50 மீட்டரில், மணல் மூட்டையில் சாய்த்து, ஐந்து குண்டு. ஐந்தும் நான்கு விரல் அகலத்துக்குள் விழுந்தன, நடுவிலிருந்து சற்றே கீழே. தொலைநோக்கி இல்லை, இரும்புக் குறிகள்தான். 58 வயதுக் கண்ணுக்கு இது போதும் என்று நினைக்கிறேன். உதைப்பு நான் பயந்த அளவுக்கு இல்லை. போல்ட்டைத் தள்ளிப் பூட்டும்போது கடைசி ஒரு அங்குலத்தில் கை கனமாவதை மட்டும் பழக வேண்டியிருந்தது. ஜெர்மானிய மவுசர் 98 வகையில் கைப்பிடியைத் தூக்கும்போதே ஸ்பிரிங் இறுகிவிடும். என்ஃபீல்டில் முன்னுக்குத் தள்ளும்போதுதான் இறுகும். அப்பா தள்ளும் ஓசையைச் சிறுவயதில் பக்கத்து அறையிலிருந்து கேட்டிருக்கிறேன். அதே ஓசைதான் வந்தது.

21 பிப்ரவரி 2023

சுத்தம் செய்வது பற்றி நேற்று எழுத விட்டுப்போனது. பழைய தோட்டாக்களின் அடியில் தீமூட்டும் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தால், வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடு என்னும் உப்பு குழலில் படிந்துவிடும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும். மூடுபனி வீட்டுக்குள் நடமாடும் நம் ஊரில் இரண்டே நாளில் துரு கிளம்பும். எண்ணெயால் அந்த உப்பைக் கரைக்க முடியாது, தண்ணீர்தான் கரைக்கும். நான் போல்ட்டைக் கழற்றிவிட்டுச் சேம்பர் பக்கமிருந்து ஒரு கெட்டில் கொதிநீரை ஊற்றுகிறேன். குழல் கையைச் சுடும் அளவுக்குக் காய்ந்தால் ஈரம் தானாகவே ஆவியாகிவிடும். பிறகு துணி, பிறகு எண்ணெய். அப்பா இதைச் செய்ததில்லை, எண்ணெய் மட்டும் விடுவார். குழலில் உள்ள குழிகளுக்கு அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

28 நவம்பர் 2023

வருத்தமான செய்தி. அதே சுடுதளம், அதே 50 மீட்டர், அதே மணல் மூட்டை. ஐந்து குண்டுகளும் நடுவிலிருந்து ஒரு கை அகலம் இடப்பக்கம், கொஞ்சம் மேலே. சிதறவில்லை; ஐந்தும் கூட்டமாகவே இருந்தன, ஆனால் வேறோர் இடத்தில். முன்பக்கக் குறி அசையவில்லை. அதன் அடியில் பெரியவர் போட்ட கீறல் நேராகவே இருக்கிறது. இம்முறை புதிதாக வாங்கிய தோட்டாக்கள். தோட்டாதான் குற்றவாளி என்பது என் முடிவு. பிப்ரவரியில் சுட்ட அதே வரிசை எண் பெட்டி யாரிடமாவது இருந்தால், அவர்கள் அனுபவத்தை எழுதினால் ஒப்பிட்டுப் பார்ப்பேன்.

2 டிசம்பர் 2023

உயர வேறுபாடுதான் காரணம் என்று இருவர் எழுதியிருக்கிறார்கள். குன்னூர் 1,850 மீட்டர், கோவை ஏறத்தாழ 411 மீட்டர். மலையில் காற்று இலேசு, அதனால் குண்டு வேறுவிதமாகப் போகும் என்பது வாதம். நீண்ட தூரத்துக்கு அது உண்மை. 50 மீட்டரில் அந்த வேறுபாட்டைக் கண்ணால் காண முடியாது. தவிரவும், நான் இரண்டு முறையும் சுட்டது ஒரே சுடுதளத்தில், கீழே.

எங்களுக்கு நான்கு வீடு தள்ளி, அருவங்காடு கார்டைட் (வெடிமருந்து) தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். 1903-ல் தொடங்கிய தொழிற்சாலை அது; மலை ரயிலில் வருபவர்கள் அதன் பக்கமாகத்தான் வருவார்கள். நவம்பர் இலக்குத்தாளை அவரிடம் காட்டினேன். வெடிமருந்து வெயிலில் சூடானால் வேகமாக எரியும், குளிர்ந்தால் மெதுவாக எரியும். அதனால் குண்டு மேலேறலாம், கீழிறங்கலாம், ஆனால் பக்கவாட்டில் ஒரு கை அகலம் போகாது என்றார். தோட்டாவைக் குறைசொல்லும் முன் துப்பாக்கியைப் பாருங்கள் என்பது அவர் சொன்ன கடைசி வார்த்தை. எனக்கு அப்போது அது பிடிக்கவில்லை. துப்பாக்கியை நான் ஒவ்வோர் அங்குலமாக அறிந்தவன் என்று எண்ணியிருந்தேன்.

10 மார்ச் 2024

நவம்பரில் மீதமிருந்த அதே பெட்டித் தோட்டாக்கள். ஐந்தும் பழைய இடத்தில், நடுவுக்குச் சற்றே கீழே. தோட்டாவின் மேல் பழி சுமத்தியதைத் திரும்பப் பெறுகிறேன். ஓய்வுபெற்ற நண்பர் சொன்னதுதான் சரி. ஆனால் துப்பாக்கியில் எது மாறியது? குறியையும் திருகுகளையும் நான் தொடவே இல்லை.

20 மார்ச் 2024

16-ஆம் தேதி தேர்தல் நடத்தை விதிகள் அமலுக்கு வந்துவிட்டன. உத்தரவுப்படி துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொண்டேன். இடம் குறைவு, போல்ட்டைக் கழற்றித் தனியாகத் தாருங்கள் என்றார்கள், தந்தேன். ஒப்படைக்கும் முன் கெட்டியாக எண்ணெய் பூசியிருக்கிறேன். ஜூன் வரை இந்த ஆராய்ச்சிக்கு ஓய்வு.

13 ஜூன் 2024

துப்பாக்கி திரும்ப வந்தது, ஆனால் இதைக் கவனமாகப் படியுங்கள். ஒப்படைக்கப்பட்ட துப்பாக்கிகளில் மூன்று .315. மூன்றின் போல்ட்களும் ஒரே சாக்கில் கிடந்தன. எனக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். அது வழுக்கிக்கொண்டு உள்ளே போய்ச் சரியாகப் பூட்டியது. கையெழுத்துப் போடப் பேனாவையும் எடுத்துவிட்டேன். பழக்கத்தில் கைப்பிடியின் அடியைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தபோதுதான் எண் தெரிந்தது. துப்பாக்கி உடலில் இருந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் 47, போல்ட்டில் இருந்தவை 19.

பெரியவர் மூன்று நாள் இழைத்துப் பொருத்திய தலை என் போல்ட்டில்தான் இருக்கிறது. வேறு போல்ட்டைப் போட்டுச் சுட்டால் ஹெட்ஸ்பேஸ் எந்த அளவில் இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. என் போல்ட், அதற்கு முந்தின நாளே துப்பாக்கியை வாங்கிப்போன ஒரு முட்டைக்கோஸ் விவசாயியின் துப்பாக்கிக்குள் இருந்தது. காவலர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போய் மாற்றிக்கொண்டோம். அவர் நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது. மறுநாள் தோட்டாவோடு பழகிப் பார்க்கச் சுடுதளத்துக்குப் போகவிருந்தாராம்.

எண்ணைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்படைக்கும்போது போல்ட்டின் எண்ணையும் ரசீதில் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள். அவர்கள் மறுக்கவில்லை, நான்தான் மார்ச்சில் கேட்கவில்லை.

6 அக்டோபர் 2024

தாண்டிக்குடி நண்பரின் முதல் கேள்வியில் ஒரு பகுதிக்கு, புதிதாக மீண்டும் வரும் பழைய மாடல்களுக்கு, இரண்டு ஆண்டாகப் பதில் எழுதவில்லை. என் மாமா மகன் அமெரிக்காவில் கொலராடோவில் இருக்கிறான். அவனிடம் வின்செஸ்டர் மாடல் 70 இருக்கிறது. 1936-ல் வந்த ரைஃபிள் அது. மவுசர் 98-இல் இருப்பது போன்ற அகலமான நகம், அதாவது எக்ஸ்ட்ராக்டர், தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசீனை விட்டு வெளிவரும் தோட்டாவை அப்போதே பற்றிக்கொள்ளும். 1964-ல் செலவைக் குறைக்க அந்த நகத்தை எடுத்துவிட்டார்கள். வாங்குபவர்கள் மன்னிக்கவே இல்லை. 1964-க்கு முந்தையது என்று சொல்லித்தான் பழையதை இன்றும் தேடி வாங்குகிறார்கள். 1990-களில் நகத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2006-ல் நியூ ஹேவன் தொழிற்சாலை மூடப்பட்டது. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் தென் கரோலினாவில் மீண்டும் தொடங்கினார்கள். அவனுடையது அப்படி மறுபிறவி எடுத்தது.

நான் ஒரு மணி நேரம் தொலைபேசியில் கேட்டேன். போல்ட் எண்ணெய்த் தட்டில் வழுக்குவதுபோல் ஓடும், விசை கண்ணாடிக் குச்சி முறிவதுபோல் சுத்தமாக விடும், தலைகீழாகப் பிடித்துக்கொண்டும் தோட்டாவை ஏற்றலாம் என்றான். குறை என்னவென்று கேட்டதற்கு, குழலைத் தாங்கும் கட்டையை அழகான வால்நட் மரத்தில் வாங்கியதுதான் குறை என்றான். இலையுதிர் காலத்து மழையிலும் பனியிலும் நான்கு நாள் மலையில் திரிந்தால் குறி விலகுகிறதாம். செயற்கைக் கட்டை ஒன்றைப் போட்ட பிறகு விலகுவதில்லையாம். மரத்தை வீட்டில் சுவரோரம் வைத்துவிட்டான்.

அந்தப் புதிய மாடல்கள் நம் ஊரில் கடைக்குப் போய் வாங்கிவரும் பொருள் அல்ல. ஆகவே உங்கள் நண்பர் சொல்லும் ஒப்பீடு நடைமுறைக்கு உதவாது. போல்ட்டின் நேர்த்தியில் அவை நம் .315-ஐவிட மேல் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் மரம் பற்றி அவன் சொன்னது முதல் எனக்குத் தூக்கம் வரவில்லை. பிப்ரவரியில் சரி, நவம்பரில் தவறு, மார்ச்சில் சரி. எங்கள் கிழக்குச் சரிவுக்கு மழை வடகிழக்குப் பருவக்காற்றில்தான், ஐப்பசி கார்த்திகையில்தான்.

17 நவம்பர் 2024

கண்டுபிடித்துவிட்டேன்.

பத்து நாளாக மழை. இன்று காலை துப்பாக்கியை மேசையில் படுக்க வைத்து, சட்டைப்பையில் இருந்த மேட்டுப்பாளையம் பேருந்துச் சீட்டை எடுத்துக் குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே செருகினேன். இடப்பக்கம் சீட்டு தாராளமாக உள்ளே போனது. வலப்பக்கம் முனையிலிருந்து இரண்டு விரல் தூரத்தில் நின்றுவிட்டது. தள்ளினேன், சீட்டு மடிந்தது. மரம் அந்த ஓரிடத்தில் இரும்பை அழுத்திக்கொண்டிருந்தது. வலப்பக்கமிருந்து அழுத்தினால் குழல் இடப்பக்கம் விலகும். குண்டும் இடப்பக்கம் போகும். போன ஆண்டு ஒரு கை அகலம் போனது இதனால்தான்.

கட்டையைக் கழற்றிப் பார்த்ததும் காரணமும் தெரிந்தது. வெளிப்புறம் அறுபது ஆண்டு ஆளி எண்ணெய் குடித்துக் கறுத்து மின்னுகிறது. உட்புறம், குழல் படுக்கும் பள்ளம், நேற்றுச் சீவிய பலகைபோல் வெளுத்துக் கிடக்கிறது. எண்ணெய் அங்கே ஒரு துளிகூடப் பட்டதில்லை. அப்பா ஒவ்வொரு பொங்கலுக்கும் கட்டைக்கு எண்ணெய் பூசுவார். நானும் அதையே செய்தேன். இருவரும் கண்ணுக்குத் தெரியும் பக்கத்துக்கு மட்டும் பூசியிருக்கிறோம். மூடுபனி உட்புறம் வழியாகத்தான் நுழைந்திருக்கிறது.

நானே உப்புத்தாளை எடுக்க நினைத்தேன், பிறகு நிறுத்திக்கொண்டேன். ஈரத்தில் ஊதிய மரத்தைத் தேய்த்தால் கோடையில் அது சுருங்கும்போது இடைவெளி அளவுக்கு மீறிவிடும். காய்ந்தபின் பெரியவரிடம் கொடுப்பேன்.

25 பிப்ரவரி 2025

பெரியவர் புகை படிந்த விளக்குக்கரியைக் குழலில் தடவி, கட்டையைப் பொருத்தி, கழற்றிப் பார்த்தார். மரத்தில் கரி ஒட்டிய இடம்தான் தொடும் இடம். அந்த இடத்தை மட்டும், ஒரு நகக்கனம், சுரண்டினார். பிறகு உட்புறம் முழுவதும் ஆளி எண்ணெய், காயவிட்டு, மீண்டும், ஆறு முறை. திருகு ஓட்டைகளின் உள்ளேயும் பஞ்சால் தொட்டு வைத்தார். வெட்டிய மரத்தின் குறுக்குமுகம்தான் தண்ணீரை அதிகம் குடிக்கும் என்று அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

7 அக்டோபர் 2025

வேட்டையாட முடியாத மலையில் வேட்டைத் துப்பாக்கி எதற்கு என்று ஓர் இளைஞர் எழுதியிருக்கிறார். கோபமாக எழுதியிருந்தாலும் கேள்வி நியாயமானது.

அப்பாவிடம் ஒரு வேட்டை நோட்டு இருந்தது. 1877-ல் தொடங்கிய நீலகிரி வேட்டைச் சங்கம்தான், பின்னாளில் வனவிலங்குச் சங்கமாகப் பெயர் மாறியது. அந்தக் காலத்தில் அதன் அனுமதிச் சீட்டோடுதான் போவார்கள். நோட்டில் தேதி, இடம், காற்று எந்தப் பக்கம், எத்தனை தோட்டா என்று சுருக்கமாக இருக்கும். முக்கூர்த்திப் பக்கம் ஒரு பனிக்காலக் காலையில் முதுகு வெளுத்த கிழட்டு வரையாடு ஒன்றை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சுடாமல் திரும்பியதாக ஒரு குறிப்பு உண்டு, காரணம் எழுதவில்லை. சுட்டதாக எழுதிய பக்கங்களும் உண்டு, அவற்றை நான் மறைக்கப் போவதில்லை. 1972 சட்டத்துக்குப் பிறகு நோட்டில் வேட்டை இல்லை. அதே நோட்டில், அடுத்த பக்கத்திலிருந்து, யூரியா கணக்கு தொடங்குகிறது.

இன்று வரையாடு தினம். 1975-ல் வரையாடுகளை ஆராய்ந்து கணக்கெடுத்த இ.ஆர்.சி. டேவிதாரின் நினைவாக இந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். அவரும் வேட்டைக்காரராகத் தொடங்கியவர்தான். தமிழ்நாட்டில் 2024 கணக்கெடுப்பில் 1,031, இந்த ஆண்டு 1,303 என்று வந்திருக்கிறது. அந்த எண்ணைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கும் இந்தத் துப்பாக்கியின் மேல் எனக்குள்ள பற்றுக்கும் முரண் இருப்பதாக நான் உணரவில்லை. அப்பாவின் கைவியர்வை படிந்த பொருள் இது; கேடில்லாமல், கணக்கில், பூட்டில், இலக்குத்தாளை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கட்டும். ஒரு விலங்கின் மேல் குறிவைக்கும் நாள் வந்தால் நானே இதை ஒப்படைத்துவிடுவேன்.

23 நவம்பர் 2025

எட்டு நாள் மழைக்குப் பிறகு சுடுதளம். கிளம்பும் முன் பேருந்துச் சீட்டு இரு பக்கமும் தடையின்றிப் போய்வந்தது. 50 மீட்டரில் ஐந்து குண்டு, நான்கு விரல் அகலத்துக்குள், 2023 பிப்ரவரியில் விழுந்த அதே இடத்தில். 100 மீட்டரிலும் முதல் முறையாகச் சுட்டேன். ஒரு விரிந்த கைக்குள் நான்கு, வெளியே ஒன்று. அந்த ஒன்று என் கண்ணின் தவறு, துப்பாக்கியுடையது அல்ல.

தாண்டிக்குடி நண்பர் நேற்று எழுதியிருந்தார். உரிமம் வந்துவிட்டதாம், போல்ட் கழன்றுவிட்டதாம், எண்கள் இரண்டும் பொருந்துகின்றனவாம். பெரியப்பா ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாராம். கீழ்ப் பழனி மலைக்கும் மழை இதே மாதங்களில்தான் என்பதால், நண்பரே, சுடும் முன் கட்டையைக் கழற்றி உட்புறத்தின் நிறத்தைப் பாருங்கள். வெளுத்திருந்தால் எண்ணெய் இப்போது வேண்டாம். மாசி வரை காய விடுங்கள்.